நெல் வேடம் பூண்ட புல்

நெல்லின் இலையை, அது தாளோடு சேரும் இடத்தில் மெல்ல விலக்கிப் பார்த்தால், அங்கே ஒரு வெள்ளைச் சவ்வு நிமிர்ந்து நிற்கும். அதன் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். இருபுறமும் தாளைக் கட்டிப் பிடித்தபடி, மெல்லிய மயிர் முளைத்த இரண்டு சிறு கொக்கிகள் இருக்கும். சவ்வை நாக்கு என்றும் கொக்கிகளைக் காது என்றும் தாவரவியலார் சொல்வார்கள். பக்கத்திலேயே அதே உயரத்தில், அதே பச்சையில், அதே நிமிர்வோடு இன்னொரு செடி நிற்கிறது. அதன் இலையையும் அப்படியே விலக்கிப் பார்த்தால் நாக்கும் இல்லை, காதும் இல்லை. அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கிறது. அது குதிரைவாலிப் புல்.

நடவு முடிந்து இருபது நாள் கழித்துக் களை பறிக்க இறங்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்தாலும் பயன் குறைவுதான். சதுர மீட்டருக்கு 50 குத்து என்ற கணக்கில் நட்டால், ஒரு ஏக்கரில் இரண்டு லட்சம் குத்து நிற்கிறது. குனிந்த முதுகோடு சேற்றில் நகர்ந்துகொண்டே ஒவ்வொரு இலையாக விலக்கிப் பார்க்க யாரால் முடியும்? அங்கே கண்தான் வேலை செய்கிறது. படர்ந்து கிடப்பது, அடித்தண்டு சிவந்திருப்பது, நெல் வரிசையிலிருந்து துருத்திக்கொண்டு தெரிவது எதுவோ, அதன்மேல் கை தானாகப் போகிறது. நெல்லைப் போலவே பச்சையாக நிமிர்ந்து நிற்கும் புல் தப்பிவிடுகிறது. தப்பியது கதிர்விட்டு, நெல் அறுப்புக்கு முன்பே ஆயிரக்கணக்கில் விதைகளைச் சேற்றில் கொட்டிவிடுகிறது. அடுத்த பட்டத்தில் முளைப்பவை அதன் பிள்ளைகள்.

இதையே ஆயிரம் ஆண்டுகள் விடாமல் செய்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு 2019இல் பதில் கிடைத்தது. சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்ஜியாங் ஃபான் குழுவினரும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஓல்சனும் சேர்ந்து, யாங்சி ஆற்றுப் படுகையிலிருந்து 328 குதிரைவாலிப் புல் மாதிரிகளைத் திரட்டி, அவற்றின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். புற்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஒரு கூட்டம் பழைய காட்டுப் புல்லைப் போலத் தூர்களைப் பரப்பிக்கொண்டு தரையோடு சாய்ந்து வளர்வது. மற்றது நெல்லைப் போலத் தூர்களை ஒடுக்கி, நிமிர்ந்து வளர்வது. அதன் அடித்தண்டில் சிவப்பும் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று கணக்கு சொன்னது. அது சீனாவில் சோங் அரசமரபின் காலம். வடக்கிலிருந்து மக்கள் யாங்சிப் படுகைக்குக் குடிபெயர்ந்து, அங்கே நெல் சாகுபடி பெருகிய காலம். வியட்நாம் பக்கத்துச் சம்பா நாட்டிலிருந்து வந்த குறுகியகால நெல்லை 1012இல் பேரரசர் செங்சோங் தம் விவசாயிகளுக்கு வழங்கச் செய்ததும் இந்தக் காலத்தில்தான். நெல் பெருகியபோது களை பறிக்கும் கைகளும் பெருகின. அந்தக் கைகளுக்குத் தப்பத் தெரிந்த புல்லும் கூடவே பெருகியது.

தப்புவதற்கு அந்தப் புல் எதை மாற்றிக்கொண்டது என்பதையும் மரபணுவிலேயே படிக்க முடிந்தது. செடியின் உருவத்தோடு தொடர்புள்ள 87 மரபணுக்களில் தேர்வின் தடயம் தெரிந்தது. அவற்றில் ஒன்றின் பெயர் லேசி1, அதாவது சோம்பேறி. மேல் எது, கீழ் எது என்று செடி உணர்ந்து வளர்வதற்கு உதவும் மரபணு இது. இது பழுதான நெற்செடி நிமிர மாட்டாமல் தரையில் படுத்துவிடும். பெயர் வந்த காரணம் அதுதான். நெல்லில் தூர் எவ்வளவு சாய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதே மரபணு, புல்லிலும் அதே வேலையைச் செய்கிறது. நெல்லை நிமிர்ந்து வளரும் பயிராக்கியவர்கள் மனிதர்கள். அதே மனிதர்கள், தங்களுக்குத் தெரியாமலேயே, புல்லையும் நிமிர வைத்துவிட்டார்கள்.

தமிழில் களை என்ற சொல் பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது, வினைச்சொல்லாகவும் இருக்கிறது. களை என்றால் வேண்டாத செடி. களை என்றால் நீக்கு. செடிக்குப் பெயர் வந்தது அதன் இலையாலோ பூவாலோ அல்ல, அதை என்ன செய்ய வேண்டும் என்று மனிதர் முடிவு செய்ததால். உயிரியல் இன்று சொல்வதும் இதைத்தான். எந்தச் செடியும் களையாகப் பிறப்பதில்லை. உழவு, நடவு, பறிப்பு, அறுப்பு, மருந்து என்று மனிதர் வயலில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஈடுகொடுத்து ஈடுகொடுத்து ஒரு செடி களையாகிறது.

இந்த வேடத்துக்கு வாவிலோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1982இல் ஜார்ஜ் பாஸ்டர் என்ற பிரெஞ்சு உயிரியலாளர் வைத்த பெயர் அது. நிகோலாய் வாவிலோவ் ரஷ்யத் தாவரவியலாளர். உலகெங்கும் நடந்து பயிர்களின் பிறப்பிடத்தைத் தேடியவர். 1916இல் பாரசீகத்துக்கும் பாமிர் மலைப்பகுதிக்கும் போனபோது, கோதுமை வயல்களில் கோதுமையின் சாயலிலேயே வேறொன்று கலந்து நிற்பதைக் கண்டார். ரை என்று நாம் கேள்விப்படும் தானியம் அது. ஐரோப்பாவின் வட பகுதிகளில் கறுப்பு ரொட்டி சுடப்படுவது அந்த மாவில்தான். ஆனால் பாரசீக, ஆப்கானிய விவசாயிகள் அதை விதைக்கவே இல்லை. கோதுமையை வாட்டும் செடி என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

அங்கே வாவிலோவ் ஒன்றைக் கவனித்தார். பள்ளத்தாக்கில் வயல் முழுக்கக் கோதுமை. ரை அங்கொன்றும் இங்கொன்றும். மலை ஏற ஏறக் குளிர் கூடுகிறது, மண் மெலிகிறது, ரை கூடிக்கொண்டே போகிறது. உச்சிக்கு அருகே வயல் முழுக்க ரை. விவசாயி எல்லா இடத்திலும் விதைத்தது கோதுமையைத்தான். ஆனால் கோதுமை தாங்காத இடத்தில் களை தாங்கியது. ஒவ்வோர் ஆண்டும் அறுப்பில் ரை மணியும் சேர்ந்து வந்தது, மறு ஆண்டு விதையில் சேர்ந்து போனது. கோதுமை மணியோடு சேர்ந்து போக வேண்டுமானால், ரை மணி பெருக்க வேண்டும். தூற்றும்போது பதரோடு பறந்துவிடக் கூடாது. அறுக்கும்வரை கதிரிலேயே ஒட்டியிருக்க வேண்டும், உதிர்ந்துவிடக் கூடாது. காட்டு ரையிடம் இல்லாத இந்தக் குணங்கள் களை ரையிடம் வந்து சேர்ந்தன. விவசாயியின் சல்லடையும் அரிவாளும் களையைச் செதுக்கிச் செதுக்கித் தானியமாக்கிவிட்டன. ஒரு நாள் மலைவாசிகள் அதையே பயிராக ஏற்றுக்கொண்டார்கள். ஓட்ஸும் இப்படி வந்த தானியம்தான் என்று வாவிலோவ் சொன்னார். களையாக இருந்து பயிரானவை என்று இவற்றுக்குத் தனிப் பிரிவே வகுத்தார்.

இவ்வளவும் கண்டுபிடித்த மனிதரின் முடிவு நெஞ்சை உலுக்குவது. ஸ்டாலின் ஆட்சியில் 1940இல் கைதான வாவிலோவ், 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் இறந்தார். அதே காலத்தில் அவர் லெனின்கிராடில் கட்டி எழுப்பிய விதைக் களஞ்சியம் நாஜி முற்றுகைக்குள் சிக்கியிருந்தது. நகரமே பசியில் செத்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த அறிவியலாளர்கள் விதைகளைத் தொடவில்லை. நெல் பிரிவைக் காத்த திமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் இறந்தார். இன்று உலகில் எந்த விதை வங்கியைப் பற்றிப் பேசினாலும் இவர்களை நினைக்காமல் பேசக் கூடாது.

குதிரைவாலிப் புல்லுக்குத் திரும்புவோம். தமிழர்களுக்குக் குதிரைவாலி என்றதும் களை நினைவுக்கு வராது. சிறுதானியம்தான் நினைவுக்கு வரும். பொங்கலாகவும் உப்புமாவாகவும் தட்டுக்கு வருவது. இரண்டும் ஒரே பேரினம். நம் வயல்களில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு காட்டுப் புல்லிலிருந்து இந்தியாவில் குதிரைவாலி பயிரானது. ஜப்பானில், யாங்சி வயல்களில் வேடம் போட்ட அதே குதிரைவாலிப் புல்லிலிருந்து இன்னொரு தானியம் தனியாகப் பயிரானது. ஆக ஒரே குடும்பத்துப் புல், ஒரு வயலில் விதைக்கப்படுகிறது, பக்கத்து வயலில் பிடுங்கப்படுகிறது. பயிரும் களையும் இருவேறு சாதி என்ற எண்ணத்துக்கு இங்கே இடமே இல்லை.

வேடத்தைத் தவிர இந்தப் புல்லிடம் வேறு பலங்களும் உண்டு. சூரிய ஒளியைச் சர்க்கரையாக்கும் வழியில் இது கரும்பின் பக்கம், மக்காச்சோளத்தின் பக்கம். கடும் வெயிலில் நெல்லை விட வேகமாக வளரும். 2017இல் வெளியான இதன் மரபணு வரைவு இன்னொன்றையும் காட்டியது. டிம்போவா என்ற நச்சுப்பொருளைச் செய்யும் மரபணுக் கூட்டம் இதில் ஒன்றல்ல, பல படிகளாக இருக்கிறது. நெல்லை அருகே வைத்து வளர்த்தால் இந்தப் புல் அந்த நச்சைக் கூடுதலாகச் செய்து நெல்லின் வளர்ச்சியைத் தடுக்கிறது. வெளியே பார்த்தால் நெல்லின் சாயல், மண்ணுக்குள் நெல்லுக்கு எதிராகப் போர்.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து வந்து நெல்லைப் போல ஆன புல்லின் கதை. இதைவிடத் தொல்லையான இன்னொன்று நெல் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்குக் களைநெல் என்று பெயர்.

களைநெல் நெல்லேதான். நாக்கும் உண்டு, காதும் உண்டு. இலையை விலக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கதிர் வரும்வரை நிலத்துச் சொந்தக்காரருக்கும் தெரியாது. கதிர் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். பயிரைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கும். பல இடங்களில் மணியின் நுனியில் நீண்ட மீசை இருக்கும். கையால் லேசாக உருவினாலே மணிகள் பொலபொலவென்று உதிரும். உமியை நீக்கிப் பார்த்தால் அரிசி சிவப்பு. உதிர்ந்த மணி உடனே முளைத்துவிடாமல் மண்ணுக்குள் உறங்கும். இந்த ஆண்டு கொஞ்சம், அடுத்த ஆண்டு கொஞ்சம் என்று முளைக்கும். கேரளத்தின் பாலக்காட்டிலும் குட்டநாட்டிலும் திருச்சூர் கோள் நிலங்களிலும் இதை வரிநெல்லு என்கிறார்கள். மலேசியாவில் காற்று நெல் என்று பொருள்படும் பாடி ஆங்கின் என்கிறார்கள். காற்றடித்தால் உதிர்வதால் வந்த பெயர். இலங்கையில் 1990களின் தொடக்கத்தில் அம்பாறை மாவட்டத்தில் இது தலைகாட்டி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

இது காட்டிலிருந்து வந்ததா, வீட்டிலிருந்து போனதா என்ற கேள்வி நீண்ட காலம் இருந்தது. விடை, மணி உதிர்வதில் ஒளிந்திருந்தது.

காட்டு நெல்லில் மணி முற்றியதும் அதன் காம்பில் ஒரு மெல்லிய அடுக்கு தானாக அறுந்துவிடும். மணி கீழே விழும். செடிக்கு அது நல்லது, மனிதருக்கு நஷ்டம். பயிர் நெல்லில் அந்த அடுக்கு முழுதாக உருவாவதில்லை; அடித்தால்தான் மணி பிரியும். 2006இல் இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். எஸ்ஹெச்4 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. களத்துமேட்டில் நெல்லை அடித்துப் பிரிக்க வேண்டியிருப்பதற்கு அந்த ஓர் எழுத்து ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளரும் களைநெல்லில் அந்த மரபணுவைப் பார்த்தார்கள். காட்டு நெல்லின் எழுத்து இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பயிர் நெல்லின் எழுத்து இருந்தது. ஆனால் மணி உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அதாவது, இந்தச் செடியின் முன்னோர் ஒரு காலத்தில் மனிதர் வயலில் அடங்கி வளர்ந்த நெல். வயலைவிட்டு விலகி, வேறு மரபணுக்களின் வழியாக உதிரும் குணத்தை மறுபடி சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. 2017இல் முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோது இது உறுதியானது. அமெரிக்கக் களைநெல்லில் இரண்டு வம்சங்கள். ஒன்று இண்டிகா நெல்லின் வழி, மற்றது வங்கதேசத்திலும் கிழக்கு இந்தியாவிலும் விளையும் ஆஸ் என்ற நெல்லின் வழி. இரண்டு வகையும் அமெரிக்காவில் வணிகத்துக்குப் பயிரிடப்பட்டதில்லை. ஆசியாவிலிருந்து போன விதையோடு கலந்து கடல் தாண்டியிருக்க வேண்டும்.

சிவப்பு அரிசியின் கதை இன்னும் சுவையானது. காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. ஆர்சி என்ற மரபணு அந்த நிறத்தைத் தருகிறது. எப்போதோ ஒரு நெற்செடியில் அந்த மரபணுவிலிருந்து 14 எழுத்துகள் விழுந்துவிட்டன. நிறம் போயிற்று, அரிசி வெளுத்தது. மனிதருக்கு அது பிடித்துப்போயிற்று. இன்று உலகெங்கும் விளையும் வெள்ளை அரிசியில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரே இழப்பைச் சுமப்பது. பின்னால் ஓர் ஆராய்ச்சியில், அதே ஆர்சி மரபணு விதை உறக்கத்தையும் கட்டுப்படுத்துகிறது என்று தெரிந்தது. சிவப்பும் உறக்கமும் ஒரே மரபணுவின் இரண்டு வேலைகள். களைநெல் ஏன் பெரும்பாலும் சிவப்பாக இருக்கிறது என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. அதற்கு நிறம் தேவையில்லை. மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் திறமை தேவை. அந்தத் திறமையோடு நிறமும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இதைப் படித்துவிட்டுச் சிவப்பு அரிசி எல்லாமே களை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் சிவப்புதான். அவை தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றப்பட்ட பயிர்கள்.

களைநெல்லை அடையாளம் காண மனிதர் செய்த ஒரு தந்திரத்தையும், அது தோற்ற விதத்தையும் சொல்ல வேண்டும். இன்றைய சத்தீஸ்கர் உள்ளிட்ட பழைய மத்திய மாகாணத்தில் காட்டுநெல் கலப்பு பெருந்தொல்லையாக இருந்தது. அங்கே ஊதா நிறத்தில் இலையும் தாளும் கொண்ட நெல்லை உருவாக்கினார்கள். வயல் முழுக்க ஊதா நெல்லை விதைத்துவிட்டு, பச்சையாக முளைப்பதை எல்லாம் பிடுங்கிவிடலாம் என்பது திட்டம். சில பருவங்களுக்கு நன்றாகவே நடந்தது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. அயல் மகரந்தம் நூற்றில் ஒன்றுகூட இராது. ஆனால் அந்தச் சிறு பங்கே போதுமானதாக இருந்தது. ஊதா நெல்லின் மகரந்தம் காட்டுநெல்லில் விழுந்தது. பிறந்த பிள்ளைகளில் ஊதாவாக இருந்தவை களை பறிப்பவர் கண்ணுக்குத் தப்பின. கொஞ்ச காலத்தில் களையும் ஊதாவாகிவிட்டது.

நாற்று நட்ட காலத்தில் களைநெல்லின் கை ஓங்கியதில்லை. மூன்று வாரம் வளர்ந்த நாற்று வயலில் நிற்கும்போது, களைநெல் அப்போதுதான் முளைக்க வேண்டும். அதுவும் தேங்கிய தண்ணீருக்கு அடியிலிருந்து. சேற்றுழவும் நடவும் நெல்லுக்குப் போட்ட வேலி. ஆள் கிடைக்காமலும் தண்ணீர் போதாமலும் நேரடி விதைப்புக்கு மாறும்போது அந்த வேலி போய்விடுகிறது. பயிரும் களையும் ஒரே நாளில், ஒரே உயரத்தில் தொடங்குகின்றன. மலேசியாவில் காற்று நெல் பெருகியது நேரடி விதைப்பு பரவிய பிறகு, 1980களின் கடைசியில். அம்பாறையிலும் கேரளத்திலும் இதே வழிதான். காவிரியின் கடைமடையில் புழுதி விதைப்பை நம்பியிருக்கும் விவசாயிகளுக்கு நேரடி விதைப்பை விடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தண்ணீர் எப்போது வரும் என்பதே தெரியாத இடம் அது. ஆனால் நடவுக்குப் பதில் வேறு எந்த வேலியைப் போடுவது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை வேளாண்மைத் துறைக்கு இருக்கிறது.

மருந்துதான் வேலி என்று அமெரிக்கா முடிவு செய்தது. நெல்லைக் கொல்லாமல் களைநெல்லை மட்டும் கொல்லும் மருந்து கிடைக்காது, இரண்டும் ஒன்றுதானே. ஆகவே நெல்லையே மாற்றினார்கள். லூசியானா மாநிலத்தில் விதைகளை வேதிப்பொருளில் நனைத்து, மரபணு மாற்றங்களைத் தூண்டி, ஒருவகைக் களைக்கொல்லியைத் தாங்கும் நெல்லைப் பொறுக்கி எடுத்தார்கள். 2002இல் கிளியர்ஃபீல்டு என்ற பெயரில் அது வயலுக்கு வந்தது. மருந்தடித்தால் களைநெல் சாகும், பயிர் நிற்கும். விவசாயிகளுக்கு நிம்மதி. பிறகு நடந்தது மத்திய மாகாணத்து ஊதா நெல்லுக்கு நடந்ததுதான். 2022இல் வெளியான ஆய்வில், அமெரிக்க வயல்களில் திரட்டிய களைநெல்லில் பெரும்பாலானவை பயிரும் களையும் கூடிப் பிறந்தவை என்று தெரிந்தது. பயிருக்குக் கொடுத்த கேடயத்தைக் களை கைப்பற்றிக்கொள்ள இருபது ஆண்டுகூடத் தேவைப்படவில்லை. மருந்துக்குப் பழகும் களை இந்தியாவுக்கும் புதிதல்ல. கோதுமை வயலில் பூக்கும்வரை கோதுமையைப் போலவே நிற்கும் ஃபலாரிஸ் புல், ஹரியானாவில் ஐசோபுரோட்யூரான் மருந்துக்கு 1990களின் தொடக்கத்திலேயே அசையாமல் போய்விட்டது.

இந்தியாவிலும் இப்போது அதே வாசல் திறந்திருக்கிறது. இமாசெதாபிர் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்ற இரண்டு ரகங்களை இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2024இல் வெளியிட்டது. இவை வேற்று உயிரின் மரபணு புகுத்தப்பட்டவை அல்ல. நாகினா 22 என்ற பழைய நெல்லில் தூண்டிய திடீர் மாற்றத்திலிருந்து கிடைத்த குணம் அது. அந்த மாற்றத்தைக் கண்டு விவரித்ததில் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே பணியாற்றிய நெல் விஞ்ஞானி ராபினின் பெயரையே அந்த நெல்லுக்கு வைத்தார்கள். நல்ல அறிவியல், பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அமெரிக்கப் பாடத்தை அருகில் வைத்துக்கொண்டுதான் அதை வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே வயலில் ஆண்டுதோறும் இதே ரகம், இதே மருந்து என்று போனால், மருந்து செல்லுபடியாகும் காலம் குறுகிவிடும். ஒரு பருவம் உளுந்தோ பயறோ மாற்றிப் போடுவதும், மருந்துக்குத் தப்பி நிற்கும் உயரமான கதிர்களைக் கலவன் என்று பிடுங்கி எடுப்பதும் இந்த ரகத்தோடு சேர்த்தே சொல்லித்தரப்பட வேண்டியவை. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் களைநெல்லின் அந்த உயரத்தையே அதற்கு எதிராகத் திருப்பியது. பயிருக்கு மேலே தலைநீட்டும் கதிர்களில் மட்டும் மருந்தைத் தடவும் கைக்கருவியை அங்கே உருவாக்கினார்கள்.

களையையும் காட்டுப் புல்லையும் எதிரியாக மட்டும் பார்த்தால் கதையில் பாதி விட்டுப்போகும்.

1970களில் புல்தழைக் குட்டை நோய் ஆசியாவின் நெல்லை வாட்டியது. புகையான் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். எதிர்த்து நின்றது உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரு காட்டுநெல். ஒரைசா நிவாரா என்பது அதன் பெயர். குட்டையிலும் பள்ளத்திலும் யாரும் விதைக்காமல் முளைத்து, யாரும் அறுக்காமல் உதிர்ந்து போகும் நெல். அதன் குணத்தைப் பயிருக்குள் கொண்டுவந்து 1976இல் ஐ.ஆர்.36 வெளியானது. அதன் வம்சாவளியில் தமிழ்நாட்டின் திரூர்க்குப்பத்து டி.கே.எம்.6 நெல்லும் இருக்கிறது. 1980களில் உலகில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஹெக்டேரில் அந்த ரகம் விளைந்தது. சீனாவின் வீரிய ஒட்டு நெல்லுக்கும் இப்படித்தான் வழி திறந்தது. 1970இல் ஹைனான் தீவில் கண்டெடுத்த, மகரந்தம் மலடான ஒரு காட்டு நெற்செடியை வைத்து யுவான் லோங்பிங் குழுவினர் அதை உருவாக்கினார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி கோயம்புத்தூர். 1912இல் அங்கே கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கியபோது, தென்னாட்டில் விளையும் தடித்த கரும்பு வட இந்தியக் குளிரில் நிற்கவில்லை. அங்கே பணியாற்றிய பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும், சர்க்கரை மிகக் குறைந்த, ஆற்றங்கரைகளில் தானாக வளரும் நாணலைத் துணைக்கு அழைத்தார்கள். வெள்ளை என்ற கரும்பையும் கோயம்புத்தூர்ப் பகுதி நாணலையும் கூட்டி எடுத்த கோ 205, 1918இல் பஞ்சாபுக்குப் போனது. பின்னர் அதே நிலையத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பைப் பலவகைப் புற்களோடு கலந்து ஆராய்ந்தார். இன்று உலகம் தின்னும் சர்க்கரையைத் தரும் கரும்பு ரகங்களின் குரோமோசோம்களில் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் நாணல் வழி வந்தவை. அதே நாணல் அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட களைகளின் பட்டியலில் இருக்கிறது.

குளத்தோரக் காட்டுநெல்லும் வாய்க்கால் கரை நாணலும் இடம் இழந்துவருகின்றன. குட்டைகள் தூர்ந்து மனையாகின்றன, கரைகளுக்குச் சிமெண்டு போடப்படுகிறது. அந்தச் செடிகளின் விதைகள் வங்கிகளில் இருக்கின்றன என்பது ஆறுதல்தான். ஆனால் உறைபெட்டியில் இருக்கும் விதை புதிய பூச்சியையோ புதிய வறட்சியையோ சந்திப்பதில்லை, ஆகவே புதிதாக எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை. ஊருக்கு ஒரு குட்டையாவது அதன் புல்லோடு விட்டுவைக்கப்பட வேண்டும்.

நெல் விதைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. களைநெல் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும் முக்கிய வழி விதைநெல்தான். அடுத்தது வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம். இயந்திரம் உங்கள் வயலில் இறங்கும் முன், முந்தைய வயலின் நெல்லைத் தட்டிக் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வெள்ளை அரிசி ரகம் போடுகிறவர்கள், வீட்டில் எடுத்துவைத்த விதைநெல் மூட்டையில் நாலைந்து இடத்தில் கைவிட்டு, ஒவ்வொரு பிடியையும் உமி நீக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு சிவப்பு அரிசி தென்பட்டாலும் அந்த மூட்டையை அரிசியாக்கிச் சாப்பிடுங்கள், விதைக்காதீர்கள்.